நூறு எதிரிகளுக்கு வழி காட்டும் ஒரே கணக்கு: மொபைலில் மிண்டஸ்ட்ரி

மொபைல் கேம்களில் டவர் டிபென்ஸ் என்பது ஒரு தனி வகை. எதிரிகள் அலை அலையாக வருவார்கள். அவர்கள் வரும் வழியில் துப்பாக்கிக் கோபுரங்களை அமைத்து, உங்கள் தலைமையிடத்தைக் காப்பாற்ற வேண்டும். இந்த வகையில் அறிவியல் புனைகதைப் பின்னணி கொண்ட கேம் ஒன்று மிண்டஸ்ட்ரி. அனூக் என்ற புனைபெயர் கொண்ட புரோகிராமர் 2017-ல் ஒரு கேம் ஜாம் போட்டிக்காக எழுதியது இது. இப்போது ஆண்ட்ராய்டு போன், விண்டோஸ், லினக்ஸ் எல்லாவற்றிலும் இயங்குகிறது.

கதை எளிமையானது. செர்புலோ என்ற வேற்றுக் கிரகத்தில் இறங்குகிறீர்கள். தரையில் செம்பும் ஈயமும் கிடைக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுக்க டிரில் வைக்க வேண்டும். தோண்டியதைக் கன்வேயர் பெல்ட் மூலம் கோர் எனப்படும் தலைமையிடத்துக்கு அனுப்ப வேண்டும். துப்பாக்கிகளுக்குக் குண்டும் இதே பெல்ட் வழியாகத்தான் போகிறது. பெல்ட் அறுந்தால் துப்பாக்கி வெறும் பொம்மைதான்.

எதிரிகள் வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சாதாரண போனில் கூட நூற்றுக்கணக்கான எதிரிகள் ஒரே நேரத்தில் நகர்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வழி தேடிக் கொடுத்தால் பிராசசர் திணறிவிடும். பிறகு எப்படி?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று நடப்பதை நினைத்துப் பாருங்கள். செங்கம் சாலை, போளூர் சாலை, வேட்டவலம் சாலை, திண்டிவனம் சாலை என்று எல்லாப் பக்கமிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் மேப் கொடுக்க முடியுமா? தெரு முனைகளில் கோவிலுக்குச் செல்லும் வழி என்று அம்புக்குறி போட்ட பலகை இருந்தால் போதும். எந்த முனைக்கு வந்தாலும் அங்குள்ள பலகையைப் பார்த்து அடுத்த முனைக்குப் போய்விடலாம். பத்துப் பேர் வந்தாலும் லட்சம் பேர் வந்தாலும் பலகைகளின் எண்ணிக்கை அதேதான்.

மிண்டஸ்ட்ரி செய்வதும் இதுதான். இதற்கு ஃப்ளோ ஃபீல்டு என்று பெயர். கேம் நடக்கும் தரை சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கோர் இருக்கும் இடத்துக்கு 0 என்று எண் கொடுக்கப்படுகிறது. அதை ஒட்டிய கட்டங்களுக்கு 1, அதற்கு அடுத்தவற்றுக்கு 2 என்று எண்கள் வெளிநோக்கிப் பரவுகின்றன. 25-ஆம் எண் கட்டத்தில் நிற்கும் எதிரி சுற்றிலும் பார்த்து, 24 உள்ள கட்டத்துக்கு நகர்வான். அங்கிருந்து 23. இப்படியே கோர் வரை வந்துவிடுவான். கணக்கு ஒருமுறைதான், பயன்படுத்துபவர்களோ நூறு பேர்.

தீபத்தன்று போலீசார் ஒரு தெருவில் தடுப்பு வைத்தால் அம்புக்குறிகள் மாறுவது போல, நீங்கள் சுவர் கட்டினால் இங்கேயும் எண்கள் மாறும். சுவர் எவ்வளவு வலுவானதோ, அந்தக் கட்டத்தின் எண் அவ்வளவு கூடும். சுற்றிப் போகும் வழி மலிவாக இருந்தால் எதிரி சுற்றிப் போவான். இல்லாவிட்டால் சுவரை உடைத்துக்கொண்டு வருவான்.

இது தெரிந்தால் என்ன லாபம்?

* முதல் அலை வரும்போது எதிரிகளின் தடத்தைக் கவனியுங்கள். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அடுத்த அலையும் அதே தடத்தில்தான் வரும்.
* வழி வளையும் இடத்தின் உட்பக்கத்தில் துப்பாக்கியை வையுங்கள். வளைவின் இரண்டு பக்கமும் அதன் எல்லைக்குள் வருவதால், எதிரி அதிக நேரம் குண்டடி படுவான்.
* வழியை முழுவதுமாக அடைக்காதீர்கள். ஓர் இடைவெளி விட்டு, அதைச் சுற்றித் துப்பாக்கிகளை வையுங்கள்.
* வானில் பறந்து வருபவை தரை வழியைப் பார்ப்பதில்லை. டுவோ என்ற துப்பாக்கி தரை, வானம் இரண்டையும் சுடும். ஹெய்ல் தரையை மட்டும், ஸ்கேட்டர் வானத்தை மட்டும் சுடும். ஹெய்ல் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

எங்கிருந்து டவுன்லோட் செய்வது?

போனுக்கு கூகுள் பிளே ஸ்டோர் அல்லது எஃப்-டிராய்டில் இலவசமாகக் கிடைக்கிறது. கம்ப்யூட்டருக்கு இட்ச் டாட் ஐஓ தளத்தில் பணம் கொடுக்காமலே பெறலாம். ஸ்டீம் தளத்தில் விலை உண்டு. போனும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருந்து, இரண்டிலும் ஒரே வெர்ஷன் இருந்தால் வீட்டில் இருவர் சேர்ந்தே விளையாடலாம். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை.

எல்லாம் திறந்து கிடக்கும் மாட் ஏ.பி.கே. என்று யாராவது பைல் அனுப்பினால் இன்ஸ்டால் செய்யாதீர்கள். இலவச கேமுக்கு அப்படியொரு பைல் தேவையே இல்லை. பிள்ளைகள் விளையாடும் அதே போனில்தான் பெரும்பாலும் உங்கள் வங்கி ஓ.டி.பி.யும் வருகிறது. எந்த கேமாவது எஸ்.எம்.எஸ். படிக்கவோ, போன் எண்களைப் பார்க்கவோ அனுமதி கேட்டால் மறுத்துவிட்டு, உடனே அதை நீக்கிவிடுங்கள்.

உள்ளே எட்டிப் பார்க்கலாம்

மிண்டஸ்ட்ரி ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். ஜி.பி.எல். 3 உரிமத்தில் வெளியாகியுள்ளது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட அதன் புரோகிராம் வரிகள் கிட்ஹப் தளத்தில் அப்படியே இருக்கின்றன. மேலே பார்த்த வழி கண்டுபிடிக்கும் பகுதி பாத்ஃபைண்டர் என்ற பைலில் உள்ளது. உங்கள் வீட்டில் கல்லூரியில் ஜாவா படிக்கும் மகனோ மகளோ இருந்தால், கேமை ஒருமுறை விளையாடச் சொல்லிவிட்டு இந்த பைலைத் திறந்து காட்டுங்கள். சுவருக்குக் கூடுதல் எண் போடும் வரியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதை மாற்றி எழுதி, எதிரிகள் வேறு வழியில் வருவதைப் பார்த்துவிட்டால், பாடப் புத்தகத்தில் வரும் கிராஃப் தேடல் பிறகு கடினமாகத் தோன்றாது.