செவ்வாயில் பழுது, பூமியில் வைத்தியம்

எங்கள் மார்டள்ளிப் பக்கத்தில் கிணற்று மோட்டாரைக் கைப்பேசியால் இயக்கும் சிறு பெட்டிக்குள்ளும் ஒரு கணினி உண்டு. திரையில்லை, விசைப்பலகையில்லை. அது நின்றுவிட்டால் காரணத்தை எப்படி அறிவது? பெங்களூரில் இத்தகைய பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதும் எனக்கு இதுவே அன்றாடத் தலைவலி. எழுதுவது மேஜைக் கணினியில். அது ஓடுவதோ வேறொரு சில்லில்.

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாட்களில் மீண்டும் மீண்டும் தானாக அணைந்து தொடங்கியது. நாசா பொறியாளர்கள் பூமியிலிருந்த மாதிரிக் கலத்தில், எந்த வேலை எப்போது ஓடியது என்பதைப் பதிவுசெய்தபடியே அதே பழுதை வரவழைத்தனர். காரணம் புலப்பட்டது. வானிலை அளக்கும் சிறு வேலை, பொதுத் தகவல் வழியின் சாவியை வைத்திருந்தது. நடுத்தர வேலைகள் அதை ஓடவிடாமல் குறுக்கிட்டன. அவசர வேலை சாவிக்காகக் காத்துக் கிடந்தது. சாவி வைத்திருக்கும் வேலைக்குத் தற்காலிகமாக முன்னுரிமை தரும் வசதியை இங்கிருந்தே இயக்கிவைத்தனர். பழுது நீங்கியது.

சோதனைக் கருவிகளைக் கலத்தின் மென்பொருளிலிருந்து அகற்றாமல் விட்டதே கைகொடுத்தது. இடம் மிச்சமென்று பலர் முதலில் நீக்குவது அவற்றைத்தான். நினைவகச் செலவு சற்றே கூடினாலும் கூடட்டும். பயிர் வாடும் நாளில் உழவருக்குப் பதில் சொல்ல அவை வேண்டும்.