சாப்பாட்டு மேஜைக்கு வருமா ஒயின்?
ரொட்டிக்கும் ராஜ்மாவுக்கும் பொருத்தம் உண்டு. தடை இருப்பது சமையலறையில் அல்ல

புது தில்லி: மதுக்கடைக்கு "ஒயின் ஷாப்" என்று பெயர் வைத்த நாடு இது. தமிழகத்தில் 2003-ம் ஆண்டு சில்லறை விற்பனையை டாஸ்மாக் ஏற்ற பிறகும் பேச்சுவழக்கில் அப்பெயர் மறையவில்லை. மகாராஷ்டிரத்தில் கடைகளின் பெயர்ப் பலகையிலேயே இன்றும் அந்தச் சொல் உண்டு. ஆனால் அக்கடைகளை நிறைத்திருப்பவை விஸ்கி, ரம், பிராந்தி, பீர் ஆகியவைதான். திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்துத் தயாரிக்கப்படும் ஒயினுக்கு ஓர் ஓரத்து அலமாரியே கிடைக்கிறது.

அந்த அலமாரியிலிருந்து ஒயினை வீட்டு இரவு உணவுக்குக் கொண்டுவர, கால் நூற்றாண்டாக முயற்சி நடக்கிறது. நாசிக் விவசாயிகள், மகாராஷ்டிர, கர்நாடக அரசுகள், ஏற்றுமதி நாடுகள் என ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. மசாலா மிகுந்த இந்திய உணவுக்கு ஒயின் பொருந்தாது என்பதே இம்முயற்சிக்கு எதிராகப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். அது முழு உண்மை அல்ல.

முன்பா, உடனா?

இந்தியாவில் மது அருந்துவோரிடம் பொதுவாகக் காணப்படும் வழக்கம், முதலில் குடித்துவிட்டுப் பிறகு சாப்பிடுவது. தொட்டுக்கொள்ள வறுத்த கடலையோ பக்கோடாவோ போதும். சாப்பாடு கடைசியில்தான் வரும். பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளில் ஒயின் உணவின் ஒரு பகுதி. ஒரு வாய் உணவு, ஒரு மிடறு ஒயின் என மெதுவாகச் செல்லும். வெறும் வயிற்றில் குடிப்பதைவிட உணவுடன் அருந்தும்போது ஆல்கஹால் ரத்தத்தில் கலக்கும் வேகம் குறைவு. ஒயினை ஆதரிப்போர் முன்வைக்கும் முதல் வாதம் இதுவே.

நாக்கு சொல்லும் விதிகள்

உணவுக்கேற்ற ஒயினைத் தேர்வு செய்வதில் மர்மம் ஏதுமில்லை. காரம், புளிப்பு, கொழுப்பு, இனிப்பு ஆகிய நான்கையும் கவனித்தால் போதும்.

மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும், சிவப்பு ஒயினில் உள்ள "டானின்" எனும் துவர்ப்புப் பொருளும் அதிகப்படுத்தும். எனவே காரமான உணவுக்குக் கனமான சிவப்பு ஒயின் ஏற்றதல்ல. லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின் எரிச்சலைத் தணிக்கும். நாசிக்கில் விளையும் செனின் பிளாங்க் திராட்சையிலிருந்து இவ்வகை ஒயின் கிடைக்கிறது. பஞ்சாபி சோலே, காரமான உருளைக்கிழங்கு-காலிபிளவர் கறி போன்றவற்றுக்கு அது பொருந்தும்.

தக்காளி, எலுமிச்சை, தயிர் சேர்ந்த உணவுக்கு, அந்த உணவின் அளவுக்காவது புளிப்புள்ள ஒயின் வேண்டும். இல்லையேல் ஒயின் சப்பென்றாகிவிடும். வட இந்திய வீடுகளின் கடிக்கும் கொத்தமல்லி சட்னி தடவிய மீனுக்கும் சாவினோன் பிளாங்க் ஏற்றது. பக்கோடா போன்ற எண்ணெய்ப் பண்டங்களின் பிசுக்கை, நுரைக்கும் ஸ்பார்க்ளிங் ஒயின் நாக்கிலிருந்து அகற்றும்.

இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினின் துவர்ப்பை மட்டுப்படுத்தும். ஆட்டிறைச்சி ரோகன் ஜோஷுக்கு ஷிராஸ் பொருந்துவது இதனால்தான். ராஜ்மா, தால் மக்கனி ஆகியவற்றுக்குத் துவர்ப்புக் குறைந்த, மெலிந்த சிவப்பு ஒயினே போதும். இனிப்புப் பண்டத்துக்கு அதைவிட இனிப்பான ஒயின் தேவை. குலாப் ஜாமூனுக்குப் பிறகு அருந்தும் சாதாரண சிவப்பு ஒயின் காடிபோலத் தோன்றும்.

ஒரு தட்டில் பல சுவை

மேலை நாட்டு விதிகள் இங்கே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கு உணவு ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறப்படுவதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒயின் என்பது சாத்தியம். இந்திய வீட்டிலோ பருப்பு, கறி, தயிர், ஊறுகாய் எல்லாம் ஒரே தட்டில், ஒரே நேரத்தில் வருகின்றன. ஒரு புட்டி அத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிற ரோஸே ஒயின் ஓரளவு ஈடுகொடுக்கும். ஊறுகாய்க்கு ஈடுகொடுக்கும் ஒயின் அரிது.

சிவப்பு ஒயினை "அறை வெப்பத்தில்" அருந்த வேண்டும் என்ற அறிவுரையும் ஐரோப்பிய அறைகளுக்கானது. அது 16 முதல் 18 டிகிரி வரையான வெப்பத்தையே குறிக்கும். 40 டிகிரியைத் தாண்டும் தில்லிக் கோடையில் சிவப்பு ஒயினையும் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தே எடுக்க வேண்டும்.

நாசிக்கின் கணக்கு

சுவையில் பெரிய தடை இல்லை என்றால் சிக்கல் எங்கே? அதற்கு விடை காண நாசிக் செல்ல வேண்டும்.

1990-களின் இறுதியில் அங்கு ஒயின் திராட்சைப் பயிர் வேரூன்றியது. 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, வரிச் சலுகைகள் அளித்தது. கர்நாடகம் 2007-ல் தனிக் கொள்கை அறிவித்தது. சாப்பிடும் திராட்சையைவிட ஒயின் திராட்சை சிறியது, கொட்டை உள்ளது, பழச்சந்தையில் விலைபோகாது. பயிரிட்டவர் ஆலையையே நம்பியிருக்க வேண்டும். 2008-ம் ஆண்டின் பொருளாதார மந்தத்தையும் மும்பைத் தாக்குதலையும் அடுத்து விற்பனை சரிந்தபோது, விளைந்த திராட்சையை வாங்க ஆளின்றி விவசாயிகள் பலர் கொடிகளையே பிடுங்கி எறிய நேர்ந்தது. நட்சத்திர ஹோட்டல்களையும் சுற்றுலாப் பயணிகளையும் மட்டும் நம்பினால் தொழில் நிலைக்காது என்பது அன்று கற்ற பாடம். வீட்டுச் சாப்பாட்டு மேஜை மீது கண் விழுந்தது இப்படித்தான்.

மதுவா, விளைபொருளா?

2022 ஜனவரி 27-ல் உத்தவ் தாக்கரே தலைமையிலான மகாராஷ்டிர அமைச்சரவை, 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்க அனுமதிக்க முடிவு செய்தது. விவசாயிகளின் வருவாய் உயரும் என்று அரசு கூறியது. ஒயின் மது அல்ல என்று சிவசேனையின் சஞ்சய் ராவுத் வாதிட்டார். மகாராஷ்டிரத்தை "மத்யராஷ்டிர"மாக்க விடமாட்டோம் என்று அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த தேவேந்திர பட்னவீஸ் எதிர்த்தார். அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவித்துப் பின்னர் கைவிட்டார். அதே ஆண்டு ஜூன் மாதம் ஆட்சி கவிழ, திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

"மது அல்ல" என்ற வாதம் கணக்குக்கு நிற்கவில்லை. 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினில் 150 மி.லி. கோப்பை ஒன்றில் ஏறத்தாழ 15 கிராம் ஆல்கஹால் இருக்கும். 30 மி.லி. விஸ்கியில் இருப்பது சுமார் 10 கிராம். 750 மி.லி. ஒயின் புட்டி ஒன்றில் சுமார் 77 கிராம், 180 மி.லி. பிராந்தி "குவார்ட்டர்" ஒன்றில் சுமார் 61 கிராம். ஒரு புட்டியை ஐந்து கோப்பைகளாக்கிக் குடும்பமோ நண்பர்களோ உணவுடன் பகிர்ந்தால் அது ஒரு கதை. ஒருவரே ஒரே இரவில் காலி செய்தால் அது வேறு கதை. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துள்ளதும் குறிப்பிடத்தக்கது.

எதிர்ப்புக்கு மற்றொரு நியாயமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் மதுக்கடையை மூடக் கோரிப் பெண்கள் வாக்களிக்கும் முறை உள்ளது. நிற்கும் புட்டி, படுத்த புட்டி என இரு சின்னங்கள். வார்டின் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் படுத்த புட்டிக்கு வாக்களித்தால் கடையை மூட வேண்டும். இந்த உரிமையைப் போராடிப் பெற்ற பெண்களிடம், மளிகைச் சாமான் வாங்கும் கடையிலேயே புட்டி இருக்கும் என்றால் அவர்கள் சினம் கொள்வது இயல்பே.

தில்லியில் கட்டப்பட்ட முடிச்சு

மது மாநிலப் பட்டியலில் உள்ளது. 2016-ம் ஆண்டின் ஜிஎஸ்டி அரசியல் சட்டத் திருத்தமும் அதைத் தொடவில்லை. இதனால் நாசிக் புட்டி தில்லிக்கு வரவேண்டுமானால் தனி அனுமதி, தனிப் பதிவு, தனி வரி ஆகியவற்றைக் கடக்க வேண்டும். அந்தச் சுமை முழுவதும் விலையில் ஏறுகிறது. அன்றாட உணவுக்கான பானம், மாதம் ஒருமுறை வாங்கும் ஆடம்பரமாக மாறுவது இங்குதான்.

வெளிநாட்டு ஒயின் விவகாரமோ சர்வதேச அரங்கு வரை சென்றது. ஐரோப்பிய சமூகமும் அமெரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் புகார் செய்த நிலையில், 2007 ஜூலையில் கூடுதல் சுங்க வரியை விலக்கிய மத்திய அரசு, ஒயின் மீதான அடிப்படை வரியை 100-லிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. ஆஸ்திரேலியாவுடன் செய்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்தபோது, 5 டாலருக்கு மேற்பட்ட இறக்குமதி விலையுள்ள புட்டிகளுக்கு 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு 75 சதவீதமாகவும் வரி குறைந்தது. 10 ஆண்டுகளில் அவை முறையே 50, 25 சதவீதமாகும். மலிவு ஒயினுக்குச் சலுகை இல்லாதது நாசிக்குக்கு ஆறுதல்.

மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு. அதே அரசு திராட்சை விவசாயிக்கு ஒயினைச் சொல்லி நம்பிக்கை அளித்துள்ளது. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற, "ஒயின் மது அல்ல" என்ற சமாதானம் உதவாது. அது மதுதான் என்று ஒப்புக்கொண்டு, எந்தக் கடையில், என்ன விலைக்கு, யாருக்கு என்பதைப் பெண்களின் வாக்கையும் கேட்டு முடிவு செய்வதே நேர்மையான வழி. ராஜ்மாவுக்கு எந்த ஒயின் என்ற கேள்வி அதற்குப் பின்னரே எழும்.