சர்வர் எப்போதாவது நின்றுபோனால்

மலேசியாவின் ஜொகூரில் செனாயைச் சுற்றி, கூலாய், செடெனாக் பக்கமெல்லாம் தரவு மையங்கள் பெருகிவருகின்றன. அங்குள்ள சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். அதன் மையமான கெர்னல், தன் கணக்கில் அடிப்படையே பிசகிவிட்டதாகக் கண்டால் அப்படியே நின்றுவிடும். இதுதான் கெர்னல் பேனிக். தப்பானதை வட்டில் எழுதித் தொலைப்பதைவிட அது மேல். இன்னது செய்தால் நிற்கிறது என்று தெரிந்தால் பிழையைப் பிடித்துவிடலாம். நினைத்தபோது நிற்பதுதான் தலைவலி.

நின்ற திரையில் எக்ஸ்ட்-4 என்ற கோப்பு முறைமையின் பெயர் இருந்தால் பழி அதன் தலையில் விழும். ஆனால் வேறொரு டிரைவர் நினைவகத்தைக் கெடுத்திருக்கலாம். கோப்பு முறைமை பிறகு வந்து இடறியிருக்கலாம். 2018இல் 4.19 கெர்னல் வெளிவந்தபின் சிலருக்குக் கோப்புகள் சிதைந்தன. அது பேனிக் அல்ல, ஆனால் அதே வகைப் புதிர். பலரும் எக்ஸ்ட்-4ஐச் சந்தேகித்தார்கள். டிசம்பரில் குற்றவாளி அகப்பட்டது, அதற்குக் கீழே வட்டுக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் அடுக்கில். வட்டு வேலையாக இருந்து திருப்பிவிட்ட கோரிக்கையோடு, மறுபடி அனுப்புமுன் இன்னொரு கோரிக்கை ஒட்டிக்கொள்ள வழி இருந்தது. அந்தக் கணத்தில் வட்டு நெரிசலாக இருந்தால்தான் கெடும். பலரால் அதை வரவழைக்க முடியாததில் வியப்பில்லை.

ஆகவே முதல் வேலை தடயத்தைக் காப்பது. நின்ற கெர்னலையே நம்பி அதன் நினைவகத்தை வட்டில் எழுதச் சொல்வது ஆபத்து. 2005இல் 2.6.13 கெர்னலோடு வந்த கேடம்ப் என்ற வசதி இதற்கு நல்ல வழி சொன்னது. பெங்களூரு ஐபிஎம்மின் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா போன்றோர் அதில் உழைத்தவர்கள். கொஞ்சம் நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கி, இரண்டாவது கெர்னல் ஒன்றை அதில் ஏற்றிவைப்பார்கள். முதலாவது நின்றதும் இது எழுந்து, பழைய நினைவகத்தைக் கோப்பாகச் சேமித்துவிட்டு மறுதொடக்கம் செய்யும். இதை அமைக்காமல் ரீபூட் செய்தால் சாட்சியே போய்விடும்.

பிறகு நினைவகச் சில்லுகளைச் சோதியுங்கள். அவை நன்றாயிருந்தால், சோதனைச் சர்வரில் கேசான் என்ற கருவியுடன் கட்டிய கெர்னலை ஓட்டுங்கள். வேகம் குறையும், ஆனால் தவறான நினைவகத்தைத் தொட்டவரை அந்த இடத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

திருத்தியபின் அவசரம் வேண்டாம். சராசரியாக 2 நாளுக்கொரு முறை நின்ற சர்வர், எதுவும் திருந்தாமலே 6 நாள் சும்மா ஓட 100க்கு 5 வாய்ப்பு உண்டு. ஒரே இரவு ஓடியதை வைத்து மேலாளரிடம் “சரியாகிவிட்டது” என்று சொல்லிவிடாதீர்கள்.