செயற்கை மூட்டுக்கு வயது ஆண்டில் இல்லை

மாரத்தான் பதிவுக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: “முட்டி மாற்றி ஒரு வருஷம் ஆகிறது, வலியே இல்லை. பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்கலாமா?” கூடவே டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரியையும் இழுத்துவிடுகிறார்கள். 2019 ஜனவரியில் இடுப்பில் அறுவை சிகிச்சை, அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் டென்னிஸ் பட்டம். உண்மைதான். ஆனால் அவருக்கு நடந்தது ‘ரீசர்ஃபேசிங்’. தொடை எலும்பின் தலையை வெட்டி எடுக்காமல் அதன்மேல் உலோகத் தொப்பி மாட்டுவது. அங்கே உலோகத்தோடு உலோகம் உரசும். உங்கள் முட்டியில் உலோகம் உரசுவது பிளாஸ்டிக்கோடு. கவலைப்பட வேண்டியது அந்தப் பிளாஸ்டிக்கைப் பற்றித்தான்.

‘20 ஆண்டு உழைக்கும்’ என்கின்றன விளம்பரங்கள். யாருடைய ஆண்டு? ஆய்வகத்தில் செயற்கை மூட்டை, அதாவது இம்ப்ளான்டை, இயந்திரத்தில் பூட்டி, நடப்பதுபோல மடக்கி நீட்டி, எவ்வளவு தேய்ந்தது என்று எடை போட்டுப் பார்க்கிறார்கள். வழக்கமாக 50 லட்சம் சுற்று. 10 லட்சம் சுற்று ஓராண்டு நடைக்குச் சமம் என்பது அந்தத் துறையின் கணக்கு. தினம் 10,000 அடி நடப்பவரின் ஒரு காலுக்கு 5,000 அடி. வருஷத்துக்கு 18 லட்சம். அவருடைய ஓராண்டு இயந்திரத்துக்கு ஏறக்குறைய இரண்டாண்டு. ஓட்டத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. செருப்பு தேய்வது வாங்கிய தேதியாலா, நடந்த தூரத்தாலா?

தேய்மானத்தைவிட, தேய்ந்து உதிரும் தூள்தான் பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களை உடலின் எதிர்ப்பு செல்கள் விழுங்கும். செரிக்க முடியாமல் அழற்சியைக் கிளப்பிவிடும். இம்ப்ளான்டைப் பிடித்திருக்கும் எலும்பு மெல்லக் கரையும். மூட்டு ஆட்டம் காணும்வரை பலருக்கு வலி தெரியாது. அதனால்தான் ‘வலியே இல்லை’ என்பதை நான் அத்தாட்சியாக ஏற்க மாட்டேன். டாக்டர் சொன்ன இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். 1990களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த, மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு கூட்டிய பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் இந்தத் தேய்மானத்தை, குறிப்பாக இடுப்பு மூட்டில், வெகுவாகக் குறைத்திருக்கிறது. உங்களுக்கு வைத்தது எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி அந்த முதல் கேள்விக்கும் அதையொட்டி எழும் மற்ற கேள்விகளுக்கும் வருவோம்.

பத்து கிலோமீட்டர்? நடந்தே போங்கள், ஓட்டத்துக்குப் பெரும்பாலான சர்ஜன்கள் தலையாட்ட மாட்டார்கள்.

ஷட்டில்? முன்பே ஆடிப் பழகியவர் என்றால் டபுள்ஸ் மட்டும், டாக்டர் சரி சொன்ன பிறகு.

நீச்சல்? காயம் முழுதாக ஆறட்டும்.

சைக்கிள்? தாராளமாக.

கால் தடுக்கினால்? பெர்லினில் செயற்கை இடுப்புக்குள்ளேயே உணரி வைத்து அளந்தார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப் போல மூன்று மடங்கு பாரம். தடுக்கிச் சமாளிக்கும்போது, கீழே விழாவிட்டாலும், எட்டு மடங்குவரை. விடியுமுன் குண்டும் குழியுமான ரோட்டில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பாதீர்கள்.