பெரிய கிளிகளின் கடி: அலட்சியம் ஆகாது

"கிளி கடித்தால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்பவர்களே கிராமங்களில் அதிகம். நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள், கிளி கடித்தால் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சிறு கீறலாக இருந்தால் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பெரிய கிளியின் கடி விரல் நுனியைக் கிழித்து, நகத்தைப் பெயர்த்து, சில சமயம் விரல் மூட்டு வரைகூடப் போய்விடும். களை பறிக்கவும் பால் கறக்கவும் கையையே நம்பியிருக்கும் குடியானவருக்கு ஒரு விரல் மடங்காமல் போவது எளிதாக எடுத்துக்கொள்ளக்கூடிய காரியமா?

திருக்கோகர்ணத்தைச் சுற்றி மக்காச்சோளமும் கொய்யாவும் வைத்திருக்கும் விவசாயிகளுக்குக் கிளி புதிய விருந்தாளி அல்ல. கழுத்தில் ரோஜா நிற வளையம் உள்ள பச்சைக்கிளிதான் நம் பக்கத்தில் அதிகம். வாலையும் சேர்த்து ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல் இருக்கும். பனை, தென்னை மரப் பொந்துகளிலும் கோயில் கோபுர மாடங்களிலும் குஞ்சு பொரிக்கும். இதைவிடப் பெரியது தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய பச்சைக்கிளி. ஏறத்தாழ இரண்டு அடி நீளம். அலகும் அதற்கேற்பக் கனமானது. மாவீரன் அலெக்சாந்தர் பெயரால் இதை மேல்நாட்டார் அழைக்கிறார்கள். வடக்கேயிருந்து வியாபாரிகள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விற்பது பெரும்பாலும் இந்த இனத்தைத்தான். இவை போக, நகரங்களில் பணம் படைத்தவர்கள் வளர்க்கும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, கொண்டைக்கிளி, பஞ்சவர்ணக்கிளி ஆகிய வெளிநாட்டு இனங்கள் உண்டு. பஞ்சவர்ணக்கிளி தன் பிறந்த நாட்டில் பனங்கொட்டை போன்ற கெட்டியான கொட்டைகளை உடைத்துத் தின்னும் பறவை. அதன் அலகுக்கு மனித விரல் எம்மாத்திரம்!

அலகின் அமைப்பு

கோழியின் அலகு கொத்துவதற்கு. கிளியின் அலகு நெரிப்பதற்கும் அறுப்பதற்கும். மற்றப் பறவைகளைவிடக் கிளிக்கு மேல் அலகு மண்டையோட்டுடன் சேரும் இடத்தில் கீல் வைத்தாற்போல் நன்றாக அசையும். கீழ் அலகின் விளிம்பு உளி போல் கூர்மை. மேல் அலகின் உட்புறத்தில் அரம் போன்ற வரிகள் உள்ளன. தானியத்தை அந்த வரிகளில் அழுத்தி வைத்து, நாக்கால் உருட்டி, கீழ் அலகால் உமியைச் சீவி எறிகிறது. விரல் அகப்பட்டாலும் அதே வேலைதான். ஒரு முறை கவ்விவிட்டு விட்டுவிடாமல் கவ்வியபடியே திருகும். அதனால் தோல் வெட்டுப்படுவதோடு உள்ளே சதையும் நசுங்கிப்போகிறது. வெளியே சிறிய காயமாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருப்பது இதனால்தான்.

1910-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில்தான் இருக்கிறது. அதில் விலங்கியல் பகுதியும் உண்டு. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் எந்தப் பறவைக்கு எப்படிப்பட்ட அலகு, அது எதற்காக என்று நின்று காட்டினால், "கிளியிடம் போகாதே" என்று நூறு தடவை சொல்வதைவிடப் பலன் இருக்கும்.

ஏன் கடிக்கிறது?

பெரும்பாலும் பயத்தினால்தான் கிளி கடிக்கிறது. புதிய ஆள், புதிய இடம், திடீரென்று நீட்டிய கை, இவற்றில் எதுவும் அதை மிரட்டப் போதும். அடுத்த காரணம் கூண்டு. கூண்டைத் தன் வீடாகப் பழகிவிட்ட கிளி, அதற்குள் கையை விடுகிறவரை எதிரியாகவே பார்க்கும்; வெளியே தோளில் உட்காரும் அதே கிளி உள்ளே கையைக் கடிக்கும். மூன்றாவது, இணை சேரும் பருவம். நம் பச்சைக்கிளிகளுக்குத் தை முதல் சித்திரை வரை இப்பருவம். குஞ்சாக இருந்தபோது குழந்தை மாதிரி பழகிய கிளி, இரண்டு மூன்று வருடம் கழித்துப் பருவம் வந்ததும் வீட்டில் ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டு மற்றவர்களை விரட்டத் தொடங்கும். "நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று குணம் மாறிவிட்டது" என்று சொல்வதெல்லாம் இதுதான். குணம் மாறவில்லை, கிளி பெரியதாகிவிட்டது.

கடிப்பதற்கு முன் கிளி குறிப்புக் காட்டும். கண்மணி சட்டென்று சிறுத்து விரியும். பிடரி இறகு சிலிர்க்கும். வால் விசிறி போல் விரியும். உடம்பைத் தாழ்த்தி அலகைத் திறந்து நிற்கும். இந்த நிலையில் கையை நீட்டலாகாது. கிளியைத் தோளில் ஏற்றிக்கொள்வது பார்க்க அழகு. ஆனால் காதும் உதடும் மூக்கும் கண்ணும் அதன் அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சிறுவர்கள் கிளிக்கு முத்தம் கொடுப்பதும், பல்லில் பழத்தைக் கவ்விக்கொண்டு ஊட்டுவதும் கண்டிப்பாகத் தடுக்கப்பட வேண்டும்.

கடித்த கிளியை அடிப்பதும், அதன் அலகில் மிளகாய்த்தூள் தடவுவதும் வீண். அடித்தால் பயம் கூடி மேலும் கடிக்கும். மிளகாயோ கிளிக்கு விருப்பமான தீனி. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. பயிரில் மிளகாய்க் கரைசல் தெளித்துக் கிளியை விரட்டப் பார்ப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

வலையில் சிக்கிய கிளி

விவசாயிகள் அதிகம் கடிபடக்கூடிய இடம் வீட்டுக் கூண்டு அல்ல, தோட்டத்து வலைதான். கொய்யா மரத்தின் மேல் தொளதொளவென்று போட்ட நைலான் வலையில் கிளியின் காலோ இறக்கையோ மாட்டிக்கொள்ளும். வெறுங்கையால் எடுக்கப் போனால் கடி நிச்சயம். முதலில் கனத்த துண்டையோ சாக்கையோ அதன் மேல் போட்டுத் தலையை மூடவேண்டும். இருட்டானால் பறவை அடங்கும். பிறகு துண்டோடு சேர்த்துப் பின்புறமாகப் பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாடையின் இரு பக்கமும் வருமாறு தலையை நிறுத்த வேண்டும். நெஞ்சை அழுத்தக் கூடாது. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்சு விரிந்து சுருங்கினால்தான் அது மூச்சு விட முடியும். இறுக்கிப் பிடித்தால் கையிலேயே செத்துவிடும். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கத்தரிக்கோலால் நூலை வெட்டலாம். சிக்கை இழுத்துப் பிரிக்கப் பார்த்தால் கால் ஒடியும்.

வலையைச் சட்டத்தில் இழுத்து விறைப்பாகக் கட்டினால் பறவை மாட்டுவது குறையும். சிறிய தோட்டமாக இருந்தால் கொய்யாக் காய்களுக்கு உறை கட்டிவிடுவது இன்னும் நல்லது. மக்காச்சோளத்துக்குச் சிவப்பும் வெள்ளியும் கலந்த மினுமினுப்பு நாடாவைக் கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் கட்டலாம். முன்கூட்டியே கட்டினால் கிளி அதைப் பழகிக்கொண்டு அதன் மேலேயே உட்காரும்!

கடித்துவிட்டால்

கவ்விய கிளியிடமிருந்து கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சதை கிழிவது அப்போதுதான். கையைச் சற்றுக் கிளியின் பக்கமாகத் தள்ளிக் கொடுத்தாலோ, துண்டு நுனியையோ குச்சியையோ அலகருகே நீட்டினாலோ பிடி தளரும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். பிறகு சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சுண்ணாம்பு, காப்பித்தூள், சாணம், மிளகாய்த்தூள் எதையும் வைக்கலாகாது.

வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளின் நோய். கிளிக் கடியால் வராது. அதற்கான ஊசி தேவையில்லை. ஆனால் ரண ஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். கால் மணி நேரம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும், விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டாலும், நுனி மரத்துப் போனாலும், காயம் முகத்தில் என்றாலும் அன்றே டாக்டரிடம் போகவேண்டும். மறுநாள் வீங்கிச் சிவந்து விண்விண் என்று தெறித்தால் உள்ளே சீழ் கட்டுகிறது என்று பொருள். நீரிழிவு உள்ளவர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம்.

கடிக்காத கிளியிடமிருந்தும் வரக்கூடிய நோய் ஒன்று உண்டு. நோயுற்ற கிளியின் எச்சம் காய்ந்து தூசியாகப் பறந்து, அதைச் சுவாசிப்பவர்களுக்குக் கடும் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் ஏற்படும். 1929-30-ம் ஆண்டுகளில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் போன கிளிகளால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்நோய் பரவிப் பலர் இறந்தனர். இன்று இதற்கு மருந்து இருக்கிறது. வீட்டில் கிளி இருப்பதை டாக்டரிடம் சொல்லவேண்டும், அவ்வளவே. கூண்டைக் கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து எச்சத்தை நனைத்துக்கொள்வது நல்லது.

கோழி வளர்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கிளிகள் வெள்ளைக்கழிச்சல் கிருமியைச் சுமந்து வரக்கூடும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1971-ல் வெளிநாட்டுக் கூண்டுக் கிளிகள் மூலம் நுழைந்த இந்நோயை ஒழிக்க ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பறவைகளை அழிக்க நேர்ந்தது. சந்தையில் வாங்கிய கிளியைக் கோழிக் கூண்டின் பக்கத்தில் மாட்டிவைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுக் கிளிகளை வளர்ப்பதே குற்றம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது. பச்சைக்கிளி இப்போது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. பொந்திலிருந்து குஞ்சை எடுப்பதும் வேட்டையாகவே கருதப்படும். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2023 பிப்ரவரியில் சென்னையில் நகைச்சுவை நடிகர் ஒருவர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறையினர் எடுத்துச் சென்றதும், அவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதும் பத்திரிகைகளில் வந்தன.

வெளிநாட்டுக் கிளி வளர்ப்பை உபதொழிலாகச் சொல்லிக்கொண்டு வருபவர்களிடமும் உஷார் தேவை. சாம்பல் கிளி, பஞ்சவர்ணக்கிளி போன்றவற்றை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். குஞ்சு பொரித்தாலும், விற்றாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவுச் சீட்டு இல்லாமல் கொடுக்கும் கிளியை வாங்கினால் வம்பு வாங்கியவருக்குத்தான். ஐம்பது வருடம் வாழக்கூடிய பறவை என்பதும், முட்டையிட்ட ஜோடிதான் மிக மோசமாகக் கடிக்கும் என்பதும் விற்பவர் சொல்லாத விஷயங்கள். தீனித் தட்டை வெளியிலிருந்தே நுழைத்து எடுக்கும்படியான கூண்டு இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

ஏற்கெனவே வீட்டில் பச்சைக்கிளி இருப்பவர்கள் பயந்துபோய் அதைத் திறந்து விட்டுவிடுவதும் சரியல்ல. இறகு வெட்டப்பட்டு, கையால் ஊட்டி வளர்ந்த கிளி வெளியே இரை தேடத் தெரியாமல் காக்கைக்கும் பூனைக்கும் பலியாகும். புதுக்கோட்டை மாவட்ட வன அலுவலகத்தில் தாமாகவே கொண்டுபோய் ஒப்படைக்கலாம். கூண்டை மெல்லிய துணியால் மூடி, காலை வெயில் ஏறுமுன் எடுத்துச் செல்லவேண்டும். கிளிக்கு எத்தனை வயது, என்ன தின்னும், இறகு எப்போது வெட்டியது என்பதையும் சொன்னால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.