அலுவலகத் தொலைபேசியும் வெளிவழியும்

இருநூறு மேசைகள் உள்ள ஓர் அலுவலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மேசைக்கு ஒன்றாக இருநூறு தொலைபேசிகள் உண்டு. ஆயினும், கட்டடத்தை விட்டு வெளியே செல்லும் வழிகள் இருநூறு அல்ல. எல்லோரும் ஒரே வேளையில் வெளியாருடன் பேசுவதில்லையாதலால், முப்பது வழிகள் பெரும்பாலும் போதும். இவ்வழிகளையே டிரங்க் என்கிறோம். மேசைத் தொலைபேசிகளையும் டிரங்கையும் இணைப்பது அலுவலகத்தின் சொந்த எக்ஸ்சேஞ்ச்.

முன்னாளில் முப்பது வழிகளுக்கு முப்பது ஜோடிக் கம்பிகள் வேண்டியிருந்தன. டிஜிட்டல் டிரங்கோ, போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என இரண்டே ஜோடிகளில் அத்தனையையும் அடக்கிவிடுகிறது. இஃது எங்ஙனம் இயலும்? குரலை இடைவிடாது அனுப்ப வேண்டுவதில்லை. வினாடிக்கு 8000 முறை அதன் அளவை எடுத்து, ஒவ்வோர் அளவையும் 0, 1 என்னும் இரண்டே குறிகளால் எட்டு இடங்களில் எழுதி அனுப்பினால், மறுமுனையில் குரலைத் திரும்ப ஆக்கிக்கொள்ளலாம். ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1930களின் இறுதியில் இம்முறையை வகுத்தார். அதற்கேற்ற மலிவான கருவிகள் அன்று இல்லை. 1962இல்தான் அமெரிக்கத் தொலைபேசி வழிகளில் அது பயனுக்கு வந்தது.

ஓர் அளவு சென்று அடுத்த அளவு புறப்படுமுன் சிறிது நேரம் மிஞ்சுகிறதன்றோ? அந்நேரத்தில் பிறர் குரல்களின் அளவுகள் வரிசையாகச் செல்கின்றன. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கும் முறையில் ஒரு சுற்றுக்கு 32 இடங்கள். ஒன்று வரிசை பிசகாமல் காப்பதற்கு. மற்றொன்று யார் யாரை அழைக்கிறார் என்ற செய்திக்கு. எஞ்சிய 30 பேச்சுக்கு.

இதனை அமைப்போர் முதலில் கவனிக்க வேண்டுவது தாளம். தொலைபேசி நிறுவனத்தின் கடிகாரத்தையே அலுவலக எக்ஸ்சேஞ்சும் பின்பற்றவேண்டும். இரண்டும் தத்தம் தாளத்தில் நடந்தால், அவ்வப்போது ஓர் அளவு தவறிப்போகும். பேச்சில் அது சிறு 'டிக்' ஒலியாகக் கழிந்துவிடும். பேக்ஸ் தாளோ பாழாகும். கடிகாரத்தைப் பாராமல் கம்பியைக் குறை கூறிக்கொண்டு நாட்கழிப்பவர் உண்டு.

அடுத்தது வழிப்படுத்துதல். வெளியிலிருந்து வரும் அழைப்பின் கடைசி இலக்கங்களைப் பார்த்து, எக்ஸ்சேஞ்ச் உரிய மேசையில் மணியடிக்கிறது. உள்ளிருந்து அழைப்பவர் முதலில் 0 அல்லது 9 அழுத்தினால், வெளிவழி வேண்டும் என்று அறிந்துகொள்கிறது. இவ்விதிகளை எழுதி வைப்பவன் மனிதன். பொறி அவற்றை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும், அவ்வளவே. இங்கேதான் ஓர் உயிர் போயிற்று.

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து மார்ஷல் நகரில், ஒரு விடுதி அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டாள். ஒன்பது வயது மகள் அறைத் தொலைபேசியை எடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் 911 என்ற அவசர எண்ணை நான்கு முறை அழுத்தினாள். வெளிவழிக்கென முன்னதாக வேறொரு 9 அழுத்த வேண்டும் என்பதை அவள் அறியாள். அழைப்பு வெளியே செல்லவில்லை, தாய் இறந்தாள். குழந்தை கற்றதில் பிழையில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு எழுதிய விதியில்தான் குறை.

இத்தகைய குறையை நீக்குவது கடினமன்று. அவசர எண்ணை, முன்னெண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மற்றெல்லா விதிகளுக்கும் முன்னே வைத்து நேரே டிரங்குக்கு அனுப்பவேண்டும். நம் நாட்டில் அவ்வெண் 112. முப்பது வழிகளும் பேச்சில் நிறைந்திருக்கும் வேளைக்கென ஒரு வழியை ஒதுக்கி வைப்பதும் நன்று. அமைத்து முடித்தபின், அவசரப் பணியினர்க்கு முன்கூட்டி அறிவித்துவிட்டு, ஒருமுறை அழைத்துப் பார்க்கவேண்டும்.

அமெரிக்கா 2018இல் இதனைச் சட்டமாக்கியது. 2020 பிப்ரவரி 16க்குப் பின் நிறுவப்படும் அமைப்புகளில் முன்னெண் இன்றியே 911 செல்லவேண்டும். அன்றியும், அழைப்புப் புறப்படும் அதே வேளையில் முன்கூடத்து மேசைக்கோ, கட்டடத்தின் பொறுப்பாளருக்கோ அறிவிப்புச் செல்லவேண்டும். உதவிக்கு வருவோர்க்கு எந்த மாடி, எந்த அறை என்று காட்டுவதற்கு ஒருவர் வாயிலில் நிற்பார்.