ஸ்டியரிங் நடுங்குகிறதா? கார் கம்ப்யூட்டர் சொல்லாது, உங்கள் போன் சொல்லும்!

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு வந்தால் உடனே ஓர் எரர் மெசேஜ் வந்து நிற்கும். அது நமக்குப் புரிகிறதோ இல்லையோ, எண்ணையாவது குறித்து வைத்துக் கொள்ளலாம். காருக்குள்ளும் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதுவும் இப்படிச் சொல்லிவிடும் என்றுதான் நானும் நம்பினேன்.

என் காரில் வேகம் 80 கிலோமீட்டரைத் தொட்டால் ஸ்டியரிங் கையில் படபடவென அடிக்கும். ஓபிடி அடாப்டர் ஒன்றை வாங்கி, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத் மூலம் போனில் இணைத்துப் பார்த்தேன். கோளாறு எதுவும் இல்லை என்று வந்தது! ஒர்க்ஷாப்பில் வீல் அலைன்மென்ட் செய்து பணம் வாங்கிக் கொண்டார்கள். நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

ஏன் இப்படி? ஓபிடி என்பது முக்கியமாகப் புகை மாசைக் கண்காணிக்க வந்த ஏற்பாடு. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயமானது. இன்ஜின், சைலன்சர் பக்கம் உள்ள சென்சார்களைத்தான் அது கவனிக்கிறது. சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதையோ, பிரேக் டிஸ்க் சீராகத் தேயாததையோ அளக்க அதில் சென்சாரே கிடையாது. ஏபிஎஸ் கோளாறுகளுக்கு 'சி' என்று தொடங்கும் கோடுகள் உண்டு. ஆனால் விலை குறைந்த அடாப்டர்கள் பெரும்பாலும் 'பி' கோடுகளை, அதாவது இன்ஜின், கியர் தொடர்பானவற்றை மட்டுமே படிக்கும். எனவே ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் அதையும் படிக்கக்கூடிய ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

அலைன்மென்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தவறினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரத்தில் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்துக்குப் பார்க்க வேண்டியது வீல் பேலன்சிங். இரண்டும் வேறு வேறு வேலைகள். பில் போடும்போது மட்டும் சேர்ந்தே வந்துவிடுகின்றன!

சரி, நாமே எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் ப்ராசசரின் வேகத்தை கிகாஹெர்ட்ஸில் சொல்கிறார்கள் அல்லவா? அதே ஹெர்ட்ஸ்தான் இங்கும். நொடிக்கு எத்தனை முறை என்பதே கணக்கு. சக்கரத்தில் கோளாறு என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு முறை தூக்கி அடிக்கும். 185/65 ஆர்15 என்று அச்சிட்ட டயரின் விட்டம் சுமார் 62 சென்டிமீட்டர், சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். எக்ஸெல் திறந்து ஏ2 செல்லில் வேகத்தையும் பி2 செல்லில் சுற்றளவையும் கொடுங்கள். சி2 செல்லில் சமன் குறி போட்டு, ஏ2 வகுத்தல் 3.6 வகுத்தல் பி2 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். (வகுத்தல் குறி, கேள்விக்குறி உள்ள கீயில் இருக்கும் சாய்கோடு.) 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 11.4 வரும். 100க்கு 14.2.

இனி போன். ஜெர்மனியின் ஆஹன் நகரில் உள்ள ஆர்டபிள்யூடிஹெச் பல்கலைக்கழகம் ஃபைஃபாக்ஸ் என்ற அப்ளிகேஷனை இலவசமாகத் தருகிறது. பி, ஹெச், ஒய், பி, ஹெச், ஓ, எக்ஸ் என்று டைப் செய்து தேடுங்கள். அதில் 'ஆக்சிலரேஷன் ஸ்பெக்ட்ரம்' பகுதியைத் திறந்தால், நடுக்கம் எத்தனை ஹெர்ட்ஸில் அதிகம் என்று வரைபடம் காட்டும். போனை டாஷ்போர்டில் அசையாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் திரையைப் பார்க்கட்டும். ஓட்டுபவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும்!

புறப்படும் முன் டயரில் புடைப்பு இருக்கிறதா, வீல் நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். நடுக்கம் திடீரென வந்து கூடிக்கொண்டே போனால் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே ஓரம் கட்டுங்கள். நட்டு கழன்றிருக்கலாம்.

என் காரில் 80ல் ஓட்டியபோது 11 அருகே ஊசி போல ஒரு கோடு எழும்பியது. அதே வேகத்தில் கியரை மாற்றினேன், கோடு நகரவில்லை. இன்ஜினாக இருந்தால் நகர்ந்திருக்கும். 2,400 ஆர்பிஎம்மில் இன்ஜின் நொடிக்கு 40 சுற்று சுற்றுகிறது, அதன் கோடு எங்கோ தள்ளி வரும். ஆக, சக்கரம்தான். நடுக்கம் சீட்டில் தெரிந்தால் பின் சக்கரத்தையும், ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரத்தையும் முதலில் சந்தேகப்படலாம். எனக்கு முன் இடது ரிம்மில் ஒட்டியிருந்த ஈயத்துண்டு விழுந்திருந்தது. பேலன்சிங் செய்ததும் கோடு படுத்துவிட்டது.

சில மாதம் கழித்து மறுபடியும் நடுக்கம். இந்த முறை பிரேக் மிதித்தால் மட்டும். கார் வேகம் குறையக் குறைய நடுக்கமும் மெதுவாகிக்கொண்டே வந்தது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். பல நேரம் வளைவதில்லை, தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசமே காலுக்கும் கைக்கும் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து முடிவு கட்டாமல் மைக்ரோமீட்டர், டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

சில அறிகுறிகளுக்கு அப்ளிகேஷன் எதுவும் தேவையில்லை. பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு சக்கரம் மட்டும் அனல் அடிக்கிறது என்றால் அங்கே காலிப்பர் சிக்கியிருக்கலாம். கை வைத்துத் தொடாதீர்கள், சுட்டுவிடும். பெடல் பஞ்சு போல அமுங்கினாலோ, தரை வரை இறங்கினாலோ காரை எடுக்கவே கூடாது. பிரேக் ஆயில் கசிந்திருக்கலாம் அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கலாம். ஆனால் அவசரமாக அழுத்தும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென உதைத்தால் பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். அது ஏபிஎஸ் வேலை செய்வது, அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

டிஸ்க் மாற்றுவதாக இருந்தால் இடது வலது இரண்டையும் ஜோடியாக, புதிய பேடுகளுடன் மாற்றச் சொல்லுங்கள். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள்.